மூன்று போர்ட்டல் கட்டியாயிற்று, யாரும் உள்ளே வருவதில்லை. நான்காவதும் கட்டச் சொல்கிறார்கள்

தண்ணீர்க்குழாய் கேட்டது:

வணக்கம். ஒரு பன்னாட்டு வளர்ச்சி நிறுவனத்தின் தலைமையகத்தில் வேலை பார்க்கிறேன், பெயர் வேண்டாம். ஒன்பது வருடம் குடிநீர்த் திட்டங்களில் இருந்தேன். நான்கு மாதத்துக்கு முன்னால் "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லி அறிவு மேலாண்மைப் பிரிவில் (திட்டங்களில் கற்றதைச் சேர்த்து வைத்து மற்றவர்களுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை) தூக்கிப் போட்டுவிட்டார்கள். பிரிவு என்றால் நானும் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பெண்ணும், அவ்வளவுதான்.

வந்ததும் கைக்குக் கிடைத்த சொத்து மூன்று போர்ட்டல்கள், அதாவது ஊழியர்களுக்கான உள் இணையதளங்கள். முதலாவது பழைய இன்ட்ராநெட், அதன் பாஸ்வேர்டு தெரிந்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இரண்டாவது ஷேர்பாயிண்ட் என்கிற கோப்புப் பகிர்வுத் தளம், ஒரே அறிக்கைக்கு ஏழு பிரதிகள், எது கையெழுத்தான பிரதி என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவதை இரண்டு வருடம் முன்னால் ஒரு ஆலோசனை நிறுவனம் வந்து கட்டிக்கொடுத்தது. பார்க்க லட்சணமாக இருக்கிறது. போன மாதம் அதன் தேடல் பதிவை எடுத்துப் பார்த்தேன்: அதிகம் தேடப்பட்டது பயணப்படி விண்ணப்பம், அடுத்தது விடுமுறைப் பட்டியல், அதற்கப்புறம் வரிசையாக ஆட்களின் பெயர்கள். "கற்ற பாடங்கள்" என்று தேடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் ஒருவன் நான்.

சரி, உள்ளேதான் என்ன இருக்கிறது என்று திட்ட நிறைவு அறிக்கைகளில் கற்ற பாடங்கள் பகுதியை மட்டும் உட்கார்ந்து படித்தேன். அறுபது அறிக்கை படித்ததும் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அறுபதிலும் அதே நான்கு வாக்கியம்தான். சமூகப் பங்கேற்பு அவசியம், கூட்டாளிகளுடன் ஒருங்கிணைப்பு தேவை, கால அட்டவணை யதார்த்தமாக இருக்க வேண்டும், பராமரிப்புக்கு நிதி ஒதுக்க வேண்டும். எங்களிடம் ஒரு பொறியாளர் இருந்தார், கைபம்புகளை எல்லா விதமான மண்ணிலும் பார்த்தவர். நிலத்தடி நீரில் அமிலத்தன்மை கூடுதலாக இருந்தால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் சீக்கிரமே அரித்துவிடும், தண்ணீர் செம்பழுப்பாக வரும், சுவை மாறும், சனங்கள் பழைய குட்டைக்கே திரும்பிவிடுவார்கள், ஆகவே குழாய் வாங்குவதற்கு முன்னால் தண்ணீரைச் சோதித்துப் பார் என்று கத்திக்கொண்டே இருப்பார். அந்தத் திட்டத்தின் நிறைவு அறிக்கையைத் தேடிப் பிடித்தேன். "பராமரிப்பில் சமூகத்தின் உரிமையுணர்வை வலுப்படுத்த வேண்டும்" என்று இருக்கிறது. துரு பிடித்தது குழாயில், பழி விழுந்தது ஊர்க்காரர்கள் மேல். அவரும் போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது வேறொரு நாட்டில் அதே குழாயை வாங்க டெண்டர் போகிறது.

இந்த நிலைமையில் புது இயக்குநர் நான்காவது போர்ட்டல் கேட்கிறார், அதுவும் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற செயற்கை நுண்ணறிவு உதவியாளரோடு. பதினெட்டு மாதம், ஒரு முறை மட்டும் கிடைக்கும் பணம். கட்டித் தொலைப்பதா, வேண்டாம் என்று சொல்வதா? வேண்டாம் என்றால் பதிலுக்கு எதைக் காட்டுவது? இந்த வேலையில் அடிபட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பழைய_கோப்பு பதில்:

நண்பரே, உங்கள் தேடல் பதிவிலேயே பதில் இருக்கிறது. சனங்கள் ஆட்களின் பெயரைத்தான் தேடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தொலைபேசி எண், அறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

இருபது வருடத்துக்கு மேல் இந்தத் துறையில் பல நிறுவனங்களில் சுற்றியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1996இல் உலக வங்கியின் ஆண்டுக் கூட்டத்தில் அப்போதைய தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன், நாம் இனி "அறிவு வங்கி" ஆக வேண்டும் என்று பேசினார். அந்த யோசனையை உள்ளே தள்ளிக்கொண்டு போனவர்களில் ஒருவர் ஸ்டீபன் டென்னிங். வரைபடமும் அட்டவணையும் போட்டு விளக்கினால் ஒருவரும் அசையவில்லை, ஒரு சின்னச் சம்பவத்தைச் சொன்னதும் அசைந்தார்கள். 1995 ஜூனில் சாம்பியாவின் ஒரு சிற்றூரில் ஒரு சுகாதாரப் பணியாளர், மலேரியாவுக்கு என்ன சிகிச்சை என்று இணையத்தில் தேடி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தளத்தில் பதிலைக் கண்டுபிடித்தார். இத்தனை நிபுணர்களை வைத்திருக்கும் உலக வங்கி அந்தக் காட்சியில் எங்கேயும் இல்லை, இருந்தால் எப்படி இருக்கும் யோசியுங்கள் என்றார் டென்னிங்.

இதிலிருந்து நம் ஆட்கள் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? "ஓஹோ, நாமும் ஒரு வெப்சைட் போட வேண்டும்" என்பதை மட்டும். அந்தப் பணியாளர் கையில் ஒரு கேள்வி இருந்தது, அன்றைக்கே பதில் வேண்டியிருந்தது என்கிற பாதி கதை காணாமல் போய்விட்டது.

போட்டுவைத்தால் வந்து படிப்பார்கள் என்ற நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று என்பதை உலக வங்கியே 2014இல் எண்ணிப் பார்த்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். தன் கொள்கை அறிக்கைகளில் 31 சதவீதத்துக்கு மேல் ஒரு தடவைகூடப் பதிவிறக்கப்படவில்லை, ஏறத்தாழ 87 சதவீதத்தை வேறு யாரும் மேற்கோள் காட்டவில்லை என்று வந்தது. (எந்த அறிக்கையையும் யாரும் படிப்பதில்லை என்று சொன்ன அந்த அறிக்கையை மட்டும் ஊர் உலகமே படித்தது.) அதே வருடம் அங்கே நிறுவனத்தையே பிரித்துக் கட்டி 14 உலகளாவிய துறைப் பிரிவுகள் ஆக்கினார்கள். ஒரு பிராந்தியத்தில் தெரிந்தது இன்னொரு பிராந்தியத்துக்குப் போகட்டும் என்பதுதான் நோக்கம். சில வருடம் கழித்து பிராந்தியங்களின் கையை மறுபடி பலப்படுத்தி அதையும் மாற்றினார்கள். ஐ.நா. பக்கம் கூட்டு ஆய்வுப் பிரிவு 2007இல் ஒருமுறை, 2016இல் இன்னொருமுறை இதே அறிவு மேலாண்மையை ஆராய்ந்து அறிக்கை போட்டது. ஆக உங்களுடைய தலைவலி புதிதில்லை, உங்கள் இயக்குநருடைய மருந்தும் புதிதில்லை.

நான் கண்ணால் பார்த்து "இது ஓடுகிறது" என்று ஒத்துக்கொண்டது இரண்டே இரண்டு.

ஒன்று, கேள்வி-பதில் மடற்குழு. இந்தியாவில் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து 2005இல் தொடங்கி நடத்திய சொல்யூஷன் எக்ஸ்சேஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பம் என்று பார்த்தால் வெறும் மின்னஞ்சல்தான். ஒவ்வொரு துறைக்கும் ஒரு குழு. களத்தில் இருக்கும் ஒருவர் கேள்வி அனுப்புவார். அதைக் கவனிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒரு நெறியாளர் இருப்பார், அவருக்கு ஒரு ஆய்வு உதவியாளர். கேள்வி குழப்பமாக இருந்தால் கேட்டவரிடம் பேசித் தெளிவாக்கி, அப்புறம்தான் குழுவுக்கு விடுவார்கள். பதில்கள் வந்து சேர்ந்ததும் அவற்றைத் தொகுத்து, யார் எங்கே எதைச் செய்து பார்த்தார்கள், மேலும் யாரைக் கேட்கலாம் என்பதோடு ஒரே ஆவணமாக எல்லோருக்கும் அனுப்புவார்கள். அரசு ஊழியர், தொண்டு நிறுவனக்காரர், ஆராய்ச்சியாளர் எல்லோரும் ஒரே குழுவில். இங்கே அறிவு கேள்விக்குப் பின்னால் வருகிறது, அதனால்தான் "சமூகப் பங்கேற்பு அவசியம்" என்று மொட்டையாக எழுதித் தப்பிக்க முடியாது. கேட்டவர் எதிரே நிற்கிறாரே.

இரண்டு, பியர் அசிஸ்ட் என்று ஒரு முறை, பிபி எண்ணெய் நிறுவனத்தில் 1990களில் வளர்ந்தது, அங்கிருந்து வளர்ச்சி நிறுவனங்களுக்கும் வந்தது. திட்டத்தை வடிவமைப்பதற்கு முன்னால், முன்பு இதே வேலையைச் செய்த நாலைந்து பேரை ஒன்றரை நாள் கூப்பிட்டு உட்கார வைத்து "நான் இதைச் செய்யப் போகிறேன், எங்கே சறுக்குவேன் சொல்லுங்கள்" என்று கேட்பது. உங்கள் பொறியாளர் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் டெண்டரே மாறியிருக்கும்.

இரண்டுக்குமே போர்ட்டல் வேண்டாம், ஆள் வேண்டும். அதைத்தான் பட்ஜெட்டில் காட்ட முடியாது, கட்டடத்துக்குக் கிடைக்கிற பணம் காவலாளிக்குக் கிடைக்காது.

---

ஒப்பந்தக்காரி பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் யாரும் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லையே.

பதினொரு வருடமாக நான் ஆலோசகராக ஒப்பந்தத்தில் இருக்கிறேன். பெரும்பாலும் ஆறு மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் பதினொரு மாதம், நடுவில் கட்டாய இடைவெளி. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் அடுத்த ஒப்பந்தத்துக்கு எனக்கு இருக்கும் பிடிமானம். அதை முழுசாக எழுதி உங்கள் போர்ட்டலில் ஏற்றிவிட்டுக் கும்பிடு போட்டுவிட்டுப் போ என்றால் எப்படிப் போவேன்? போகிற அன்றைக்கு "பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு எழுதுங்கள்" என்பார்கள். அன்றைக்கு என் கவனம் முழுக்க அடுத்த வேலை எங்கே என்பதில் இருக்கும். குறிப்பில் கோப்புகளின் பட்டியல் இருக்கும், எந்த அதிகாரியிடம் எதை எப்படிக் கேட்டால் வேலை நடக்கும் என்பது இருக்காது. அதை எழுதவும் முடியாது, எழுதினால் யாராவது அந்த அதிகாரிக்கே அனுப்பிவைப்பார்கள்.

நிரந்தர ஊழியர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆண்டு மதிப்பீட்டில் என்ன கேட்கிறார்கள்? எவ்வளவு பணம் செலவாயிற்று, எத்தனை திட்டம் ஒப்புதல் வாங்கிற்று. பக்கத்து நாட்டு அலுவலகத்துக்கு நான்கு மணி நேரம் உதவினாயா என்று யார் கேட்கிறார்கள்? உதவினால் அது என் சொந்த நேரம். உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவும் 2014 வாக்கில் இதைத்தான் சொன்னது: ஊழியர்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்டுத்தான் கற்கிறார்கள், கற்பதற்கும் பகிர்வதற்கும் நிறுவனம் தருகிற ஊக்கம் போதவில்லை.

ஆகவே இயக்குநரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். சக ஊழியருக்கு உதவிய நேரத்தை நேரத்தாளில் எழுத ஒரு செலவுக் கணக்கு எண். வேறு ஒரு நிறுவனத்தில் அப்படி ஒரு எண் கொடுத்த பிறகுதான் என் மின்னஞ்சலுக்குப் பதில் வர ஆரம்பித்தது, நிசமாகவே.

---

நூலகத்துப்பூனை பதில்:

பழைய_கோப்பு சார், இப்படி ஒரு பேரை வைத்துக்கொண்டு ஆவணங்களை இளக்காரமாகப் பேசக்கூடாது :) நான் ஆவணக் காப்பகக்காரி, என் கட்சியையும் கொஞ்சம் கேளுங்கள்.

2025 பிப்ரவரி தொடக்கத்தில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் இணையதளம் ஒரே நாளில் இருண்டது ஞாபகம் இருக்கிறதா? பல பத்தாண்டுகளின் திட்ட அறிக்கைகளையும் மதிப்பீடுகளையும் சேர்த்து வைத்திருந்த அவர்களுடைய ஆவணக் களஞ்சியமும் அதோடு கைக்கு எட்டாமல் போயிற்று. 1985இலிருந்து ஓடிக்கொண்டிருந்த பஞ்ச முன்னெச்சரிக்கை வலையமைப்பான ஃபியூஸ்நெட்டின் தளம் அதற்குச் சில நாள் முன்பே நின்றது, திரும்பி வர மாதக்கணக்கில் ஆயிற்று. 1984 முதல் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு நடத்திவந்த டிஎச்எஸ் திட்டமும் அந்தப் பிப்ரவரியிலேயே நிறுத்தப்பட்டது. அன்றைக்கு எங்கள் வட்டாரத்தில் தூக்கம் போயிற்று. "ஆளிடம் கேட்டுக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி: அந்த ஆட்களும் சில வாரங்களிலேயே வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்களே, அப்போது யாரிடம் கேட்பீர்கள்? ஆர்வலர்களும் பல்கலைக்கழகங்களும் முன்னமே எடுத்து வைத்திருந்த நகல்கள்தான் அன்றைக்குக் கை கொடுத்தன.

எனவே தண்ணீர்க்குழாய், நான்காவது போர்ட்டல் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அலுப்பான வேலைக்கு ஒதுக்குங்கள். ஏழு பிரதியில் எது கையெழுத்தான பிரதி என்று ஒரு ஆளை உட்கார வைத்துக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் தேதி, நாடு, எழுதியவர், எந்த முடிவுக்காக எழுதியது என்ற நான்கு விவரம் போதும், நாற்பது கட்டம் உள்ள படிவம் கொடுத்தால் ஒருவரும் நிரப்ப மாட்டார்கள். ஒரு நகலை உங்கள் நிறுவனத்துக்கு வெளியே வையுங்கள். உலக வங்கி 2012இல் தன் வெளியீடுகளைத் திறந்த உரிமத்தில் விட்டது, யாரும் எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம் என்பதே அதில் எனக்குப் பிடித்த விஷயம், படிப்பவர்கள் குறைவாக இருந்தால் இருக்கட்டுமே.

அப்புறம் அந்தச் செயற்கை நுண்ணறிவு. அறுபது அறிக்கையில் அதே நான்கு வாக்கியம் என்றீர்களே, அதையே அதற்கு ஊட்டினால் அதே நான்கு வாக்கியத்தை ரொம்ப மரியாதையாக, உடனுக்குடன், எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்லும். குழாய் துருப்பிடித்த கதை எந்தக் கோப்பிலும் இல்லை என்றால் அதற்கு மட்டும் எங்கிருந்து தெரியும்? ஏழு பிரதியில் தவறான பிரதியிலிருந்து எடுத்துச் சொன்னால் அது இன்னும் மோசம்.

---

பழைய_கோப்பு பதில்:

பூனை அக்கா, தோற்றேன். காப்பகத்தையும் போர்ட்டலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். பத்திரப்படுத்துவது ஒரு வேலை, பரிமாறுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே வெப்சைட் செய்யும் என்று நம்பவைத்து விற்கிறார்களே, அவர்கள் மேல்தான் என் கோபம்.

---

மொழிபெயர்ப்பாளன் பதில்:

எல்லோரும் தலைமையகத்தில் நின்றுகொண்டே பேசுகிறீர்கள். அறிவு மேலே எழுதப்பட்டு கீழே "பரப்பப்படும்" என்ற எண்ணம் உங்களையும் அறியாமல் எல்லாப் பதிலிலும் இருக்கிறது. எதிர்த் திசையைப் பற்றி இரண்டு சம்பவம் சொல்கிறேன், இரண்டும் எபோலா சம்பந்தப்பட்டவை.

1982இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் லைபீரியாவில் சேமித்த பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்து, சிலவற்றில் எபோலா எதிர்ப்பொருள் (அந்தக் கிருமி உடலில் வந்துபோனதன் அடையாளம்) இருக்கிறது, லைபீரியாவையும் எபோலா உள்ள பகுதிகளில் சேர்க்க வேண்டும் என்று ஒரு அறிவியல் இதழில் எழுதினார்கள். எழுதியவர்களில் லைபீரியர் ஒருவர்கூட இல்லை. கட்டுரை அச்சாயிற்று, நூலகத்துக்குப் போயிற்று, குறியிடப்பட்டது, பூனை அக்கா கேட்கும் நான்கு விவரமும் அதில் பக்காவாக இருந்திருக்கும். 2014இல் கொள்ளைநோய் வந்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்தபோது அந்த நாட்டின் சுகாதார அமைச்சகத்தில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு கட்டுரை இருப்பதே தெரியாது. அடுத்த வருடம் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டானும் சகாக்களும் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார்கள். அந்தக் கட்டுரையைப் பதிவிறக்க 45 டாலர், அங்கே ஒரு மருத்துவருடைய அரை வாரச் சம்பளம். ஆவணம் பத்திரமாகத்தான் இருந்தது, யாருடைய உயிரைப் பற்றியதோ அவர்களுக்குப் போகவில்லை.

இரண்டாவது. 2000-01இல் உகாண்டாவின் வடக்கில் எபோலா வந்தபோது மானுடவியலாளர்கள் போய்ப் பார்த்தார்கள். அங்கே அசோலி மக்களுக்குக் கொள்ளைநோய்க்கென்றே ஒரு பழைய நடைமுறை இருந்தது: நோயாளியைத் தள்ளி ஒரு வீட்டில் வைப்பது, அந்த வீட்டுக்கு அடையாளக் கம்பு நடுவது, அந்த நோயிலிருந்து பிழைத்து எழுந்தவரே போய்க் கவனிப்பது, வெளியூர் போக்குவரத்தை நிறுத்துவது. 2003இல் இதுவும் கட்டுரையாக வந்தது. பத்து வருடத்துக்கு மேல் கழித்து, லைபீரியா இருக்கும் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது வெள்ளைப் பாதுகாப்பு உடை போட்ட குழுக்கள் வந்து, குடும்பத்தாரைக் கிட்டே விடாமல் உடல்களை எடுத்துப் போனார்கள், சனங்கள் பயந்து நோயாளிகளை மறைத்தார்கள், ராத்திரியில் ரகசியமாகப் புதைத்தார்கள். 2014 நவம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசி, "பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்" என்று புது நடைமுறை வெளியிட்டது. குடும்பம் எட்ட நின்று பிரார்த்திக்கலாம், சடங்கில் பங்கெடுக்கலாம் என்று எழுதினார்கள். புதிய தொற்றுகளில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு அடக்கத்தின்போது வருகிறது என்று அவர்களே சொன்ன நிலையில், இதற்கு நவம்பர் வரை காத்திருந்திருக்கிறார்கள்.

என் வேலை கூட்டங்களில் மொழிபெயர்ப்பது. கிராமத்துப் பெண் ஒருத்தி இருபது நிமிடம் தண்ணீர் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் கசக்கும் என்று விவரமாகச் சொல்வாள். நான் மொழிபெயர்ப்பேன். குறிப்பெடுக்கிறவர் "நீரின் தரம் குறித்துப் பயனாளிகள் கவலை தெரிவித்தனர்" என்று ஒரு வரி எழுதுவார். இது மூன்றாவது கை போய், ஐ.நா.வின் ஆறு மொழிகளில் ஒன்றாகி, தலைமையகம் வந்து சேரும்போது உங்கள் அறுபது அறிக்கையின் நான்கு வாக்கியத்தில் ஒன்றாக ஆகியிருக்கும். உங்கள் பொறியாளருக்கு மட்டும் துரு பற்றி எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? ஊர்க்காரர்கள் சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

---

தண்ணீர்க்குழாய் பதில்:

மொழிபெயர்ப்பாளன், கடைசி வரி சுருக்கென்று தைத்தது. நேற்று ராத்திரி அந்தப் பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஆமாம், முதலில் அவரும் நம்பவில்லையாம். வெள்ளைத் துணியில் தண்ணீர் ஊற்றிக் கறையைக் காட்டிச் சண்டை போட்டது ஒரு பாட்டியாம்.

இன்னும் ஒரு சந்தேகம். தோல்வியை எப்படி எழுத வைப்பது? எங்கள் அறிக்கை நிதி கொடுத்தவர்களுக்குப் போகிறது. "குழாய் தப்பு, நாங்கள் சோதிக்கவில்லை" என்று எந்த நாட்டு இயக்குநர் கையெழுத்துப் போடுவார்?

---

ஒப்பந்தக்காரி பதில்:

போட மாட்டார். நானும் போட மாட்டேன்.

எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பின் கனடா கிளை 2008இலிருந்து தோல்வி அறிக்கை என்றே வெளிப்படையாகப் போட்டது, எங்கே சொதப்பினோம் என்று அவர்களுடைய ஆட்களே எழுதினார்கள். துணிச்சல்தான். ஆனால் சின்ன அமைப்பு செய்ததைப் பார்த்துப் பெரிய நிறுவனங்கள் "தோல்வித் திருவிழா" நடத்தும்போது மேடையேறி வருவதெல்லாம் நகைச்சுவையான, முடிந்துபோன, யாருக்கும் வலிக்காத தோல்விகள்தான்.

வேலைக்கு ஆகும் வழி, இரண்டு தாள். நிதி தந்தவர்களுக்குப் போகிற அறிக்கை ஒன்று, அதில் கை வைக்காதீர்கள். இன்னொன்று உள்ளுக்குள், நடுவழியில், திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அமெரிக்க ராணுவத்திலிருந்து வந்த ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூவில் நான்கு கேள்வி: என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த தடவை என்ன செய்வோம். அரை மணி நேரம், மேலதிகாரி வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், யார் சொன்னார்கள் என்று பெயர் எழுதக்கூடாது. மூன்று வருடம் கழித்து நிறைவு அறிக்கையில் கேட்டால் பாதிப் பேர் அங்கே இருக்கமாட்டார்கள், மீதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது.

---

நூலகத்துப்பூனை பதில்:

அந்த இரண்டாவது தாளையும் எங்களுக்குக் கொடுங்கள், ஐந்து வருடம் பூட்டி வைத்துத் திறக்கலாம். காப்பகத்தில் இது சாதாரண விஷயம், கேட்பவர்தான் இல்லை.

தோல்வியிலிருந்து நிரந்தரமாக ஒன்று முளைத்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 1994 ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு, நிவாரணம் எப்படி நடந்தது என்று பல அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டு மதிப்பீடு செய்தன, கடுமையான முடிவுகள் வந்தன. அதன் விளைவாகத்தான் 1997இல் மனிதாபிமான அமைப்புகள் சேர்ந்து கற்பதற்காக ஆல்நாப் என்ற வலையமைப்பு உருவாயிற்று, இன்றைக்கும் இருக்கிறது. ஒரே அமைப்பு தனியாக எழுதியிருந்தால் அமுக்கியிருப்பார்கள், பல பேர் கையெழுத்து இருந்ததால் அமுக்க முடியவில்லை என்பது என் ஊகம்.

---

தண்ணீர்க்குழாய் பதில்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இயக்குநரிடம் போனேன். "போர்ட்டல் வேண்டாம்" என்று சொல்லவில்லை, ஆறு மாதம் தள்ளிவைப்போம், அதற்குள் அதில் போடுவதற்கு ஏதாவது தேற்றுகிறேன் என்றேன். தேடல் பதிவை அச்சடித்துக் கொண்டு போயிருந்தேன், விடுமுறைப் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். செலவுக் கணக்கு எண் கேட்டேன், நிதிப் பிரிவு இன்னும் பதில் போடவில்லை, ஒப்பந்தக்காரி அக்கா வேண்டிக்கொள்ளுங்கள்.

டெண்டர் போகிற அந்த நாட்டு அலுவலகத்தின் பெயரில் முதல் கேள்வியை நானே எழுதி, குடிநீர் வேலை பார்க்கிற எல்லோருக்கும், போன ஐந்து வருடத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கும் சேர்த்து அனுப்பினேன்: "இந்த மண்ணில் துத்தநாகம் பூசிய குழாய் போட்டவர்கள் உண்டா, தண்ணீர் என்ன ஆயிற்று?" பத்தொன்பது பதில் வந்தது. அதில் எட்டு ஓய்வு பெற்றவர்களிடமிருந்து, பக்கம் பக்கமாக, ஒருவர் 1990களின் புகைப்படத்தோடு. பயிற்சிக்கு வந்த பெண் உட்கார்ந்து மூன்று பக்கமாகத் தொகுத்தாள், எழுதியவர் பெயரும் தொலைபேசி எண்ணும் போட்டு. டெண்டரை நிறுத்தவில்லை, ஆனால் தண்ணீர்ச் சோதனை முடியும்வரை குழாய் வகையை முடிவு செய்வதில்லை என்று திருத்தம் போயிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு கேள்வி. அந்த மூன்று பக்கத்தை அந்த ஊர்க் குடிநீர்க் குழுக்களுக்கு அவர்கள் மொழியில் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எழுத்தாக வேண்டாம், படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. குரல் பதிவாக அனுப்பினால் கேட்பார்களா? அவர்கள் திருப்பிச் சொல்வதை யார் எழுதிக்கொள்வது?

---

மொழிபெயர்ப்பாளன் பதில்:

கேட்பார்கள், நான்கு நிமிடத்துக்குள் இருந்தால். அந்தப் பாட்டியின் மொழி என்ன என்று பொறியாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள், ஆள் பார்க்கிறேன். திருப்பிச் சொல்வதையும் குரலாகவே வாங்கி வையுங்கள், ஒரு வரியாகச் சுருக்கிவிடாதீர்கள்.